சைரன் சுவிட்சும் மச்சான் பாடும்

போன வாரம் ஒரு சின்ன வேலை. ஊர் சைரனுக்கு ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டணும்.

எங்க ஊரு பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு குப்பம். நான் பஜார்ல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். அதனால ஊர்ல பிளக் வச்ச எந்தச் சாமானுக்கும் நான்தான் டாக்டர்.

சைரன் இருக்கிறது சமுதாயக் கூடத்துல. யாராச்சும் ஏரியில மாட்டிக்கிட்டாலோ, காத்து மாறினாலோ ஊதுவாங்க. ஊதினா வலையை அப்படியே விட்டுட்டு எல்லாப் படகும் கரைக்கு வந்துடணும். வரலைன்னா ஊர்க் கூட்டத்துல பதில் சொல்லணும். சிக்கல் என்னன்னா, கூடத்துச் சாவி, அதைப் பாத்துக்கிற முனுசாமி அண்ணன் அரைஞாண் கயித்துல தொங்குது. முனுசாமி அண்ணன் எப்பவும் ஏரியில.

"போன்லயே ஊதற மாதிரி பண்ண முடியுமா?"ன்னு ஊர்த் தலைவர் கேட்டாரு.

"அது இன்னா தலைவரே, அரை மணி நேர வேலை"ன்னேன். இந்த வாய் என்னை என்னிக்குத்தான் சும்மா விட்டிருக்கு.

ஆன்லைன்ல சுவிட்ச் வந்துச்சு. ஆனா அது இன்டர்நெட் வழியா கம்பெனியைக் கேட்டுட்டுதான் ஆன் ஆகும். எங்க ஊர்ல நெட் தனக்குத் தோணும்போது வரும். சரி, உள்ளே இருக்கிற கம்பெனி சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு, நெட்டே தேவைப்படாத வேற ஒண்ணை ஏத்திடலாம்னு முடிவு பண்ணேன். என்கிட்ட சீட்டுக்கட்டு அளவுல ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு இருக்கு. அதுலேர்ந்து நாலு ஒயரை சுவிட்ச் வயித்துக்குள்ள விட்டு, ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஏத்தணும். எனக்கு இருக்கிறதோ ரெண்டு கை.

என் பொண்டாட்டி செல்வியைக் கூப்பிட்டேன். அவ ஒரு கையில ஒயர், இன்னொரு கையில மீன் பொரிக்கிற கரண்டி.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"அசையாதே."

"மீன் தீயுது."

"அசைஞ்சா சுவிட்ச் செத்துடும்."

"மீன் ஏற்கெனவே செத்துதான் கீது. தீய வேணாமேன்னு பாக்கறேன்."

ரெண்டு தடவை சொதப்பி, ஒரு வழியா ஏறிடுச்சு. பல்பு மாட்டிப் பார்த்தேன். போன்ல தொட்டா எரியுது, மறுபடி தொட்டா அணையுது. கரண்ட் போயிட்டு வந்தா தானாவே எரியுது. அடடா, எவ்ளோ புத்திசாலின்னு அந்த செட்டிங்கை அப்படியே விட்டுட்டேன்.

மறுநாள் காலையில முனுசாமி அண்ணன் கூடத்தைத் திறந்து விட்டாரு. சுவிட்சை சைரன்ல மாட்டினேன். போனுக்கும் சுவிட்சுக்கும் நடுவுல பேசறதுக்கு அந்தச் சின்ன போர்டையும் அங்கேயே வச்சேன். அவர் பூட்டினாரு, சாவியை இடுப்புல சொருகினாரு, படகு ஏறிட்டாரு.

அன்னிக்கு செல்வியோட அண்ணன் ஏழுமலைக்குப் பாடு. எங்க ஏரியில இஷ்டத்துக்கு வலை கட்ட முடியாது. நல்ல இடத்துல முறை வச்சுதான் கட்டணும், அந்த முறைக்குப் பேரு பாடு. இறால் சீசன்ல அது கிடைக்கிறது லேசில்ல. அந்த ஒரு நாள் இறாலை நம்பித்தான் மச்சான் பொண்ணு காதுகுத்துக்கே நாள் குறிச்சிருந்தாரு.

வெயில் ஏறினதும் கரண்ட் போச்சு. யாரும் கண்டுக்கல.

கரண்ட் வந்துச்சு. சைரன் ஊத ஆரம்பிச்சுது.

பல்பு தானா எரிஞ்ச புத்திசாலித்தனம் அப்போதான் எனக்கு உறைச்சுது. போனை எடுத்து அமுக்கினேன், அமுக்கினேன், ஒண்ணும் ஆகல. கரண்ட் போன போக்குல சின்ன போர்டோட மெமரி கார்டு படுத்துடுச்சு. மெயின் சுவிட்ச் கூடத்துக்குள்ள. கூடத்துச் சாவி ஏரிக்குள்ள.

கரைக்கு ஓடினேன். பொம்பளைங்க எல்லாம் வரிசையா நின்னு, வர்ற படகுகளை எண்ணிட்டிருந்தாங்க. செல்வி முகம் வெளுத்துப்போய், "எங்கண்ணன் படகு தெரியுதா?"ன்னு கேட்டா. அந்த நிமிஷம் நெஜமாவே கூனிக் குறுகிட்டேன்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. நான்தான்"னேன்.

"நீன்னா?"

"என் சுவிட்சு."

அவ பார்த்த பார்வைக்கு சைரனே தேவலாம்.

படகெல்லாம் ஒண்ணொண்ணா வந்துச்சு. கடைசியா, ரொம்ப தூரத்துலேர்ந்து, சாவி வந்துச்சு. கதவைத் திறந்து மெயினை அணைச்சேன். மொத்த ஊரும் என்னைச் சுத்தி நின்னுச்சு.

"யாருக்கு இன்னா ஆச்சு?"ன்னாரு முனுசாமி அண்ணன்.

"கரண்ட் வந்துச்சு."

"வந்தா?"

"ஊதும்."

"போனா?"

"ஊதாது."

ஏழுமலை மச்சான் சத்தமே போடல. "கரண்ட் வந்ததுக்கா மாப்ள நான் வலைய வுட்டுட்டு வந்தேன்?"னு மட்டும் கேட்டாரு.

உடனே திரும்பிப் போகக் கிளம்பினாரு. தலைவர் விடல.

"இரு ஏழுமலை. கூட்டம் கூட்டம்னு நானும் கூப்ட்டுகினே கீறேன், பத்து பேரு வர்றதில்ல. இன்னிக்குத்தான் மொத்த ஊரும் நிக்குது."

அப்படியே மணல்ல உக்காந்து கூட்டத்தை ஆரம்பிச்சுட்டாரு. தெருக்குழாய், கோயிலுக்குப் பெயிண்டு, யாரோ யாரோட நாயையோ கல்லால அடிச்சதுன்னு எல்லாப் பஞ்சாயத்தும் வந்துச்சு. அதுக்குள்ள நீரோட்டம் மாறி, மச்சான் வலைக்கு வந்த இறால் எல்லாம் அதது வீட்டுக்குப் போயிடுச்சு.

கடைசியில என் கேஸு. தலைவர் தீர்ப்பு சொன்னாரு.

"ஏழுமலைக்கு நாளைக்கு இன்னொரு பாடு. மத்தவங்க முறை ஒரு நாள் தள்ளிப்போவும். வலை எடுக்கிற வரைக்கும் இவனும் அதே படகுல இருக்கணும். போனு செல்விகிட்ட இருக்கணும்."

"நான் எதுக்கு தலைவரே? எனக்கு வலை இழுக்கத் தெரியாதே."

"உன்ன யாரு இழுக்கச் சொன்னா? கரையில இருக்காத, அவ்ளோதான்."

மறுநாள் படகு நடுவுல, எதையும் தொடாம, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கூடை நெறைய இறால். மச்சான் முகத்துல சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அடுத்த முறையும் என்னைக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்காரு. ராசிக்காக இல்லையாம், பாதுகாப்புக்காக.