இரவுக் காவலுக்கு நான் ஆள் இல்லை

செவ்வாய்க்கிழமை, இரவு இரண்டே கால் மணி

அன்புள்ள தம்பிக்குச் சின்னண்ணன் எழுதுவது.

என் தூக்கத்தைத் திருடியவன் நம் பெரியண்ணன் மகன். சந்தேகத்தின் பேரில் எழுதவில்லை, காதால் கேட்டதை எழுதுகிறேன். ஏழு வாரத்துக்கு முன்னால் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். நான் திரைக்குப் பின்னால் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, "தூக்க மாத்திரை கேப்பாரு டாக்டர், எழுதிடாதீங்க" என்று அவன் சொன்னதும், "நானே அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று டாக்டர் சொன்னதும் எனக்குத் தெளிவாகக் கேட்டன. பதினோரு மாதமாகத் தூங்காத மனிதனை ஒரு துணிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுப் பேசிய பேச்சு இது. அன்று சாயங்காலமே மாடியில் இருந்த என் கட்டிலைக் கீழே இறக்கி, கூடத்தில் பெரியண்ணன் கட்டிலுக்கு எதிரே போட்டு, ராத்திரி முழுக்க அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என் தலையில் கட்டினார்கள். தூங்காத ஆள் ஒருவன் வீட்டில் வீணாகக் கிடக்கிறானே, எதற்காவது உதவட்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. சுகமாக இருப்பவர்கள்தான் அப்படிப் பதில் போடாமல் இருப்பார்கள். போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "சரிண்ணே, சரிண்ணே" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில் இருப்பதை அப்படி வைத்துவிட முடியாது.

நான் முயற்சி செய்யாதவன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை உடல்நலப் பக்கத்தில், நன்றாகத் தூங்குவதற்குப் பன்னிரண்டு வழிகள் போட்டிருந்தான். அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வரிசையாகச் செய்தேன். முதல் வழி, வெதுவெதுப்பான பால். குடித்துவிட்டுப் படுத்தால் அரை மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறேன், பால் மேலே ஏறும் என்று அவன் போடவில்லை. இரண்டாவது, காலை வெந்நீரில் வைப்பது. ஒரு மாதம் வைத்தேன். கால் தண்ணீரைக் குடித்து ஊறிவிட்டது, செருப்பு நுழையவில்லை, விரலால் அழுத்தினால் ஈர மண்ணில் அழுத்தியது மாதிரி குழி விழுந்து அப்படியே நிற்கிறது. இதைப் பற்றி ஆசிரியருக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. மூன்றாவது, மாலை நடை. தெருமுனை போவதற்குள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க பெரியவரே, கம்பத்தை நாங்க பாத்துக்குறோம், எங்கயும் ஓடிடாது" என்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டேன். நான்காவது, சுவாரசியம் இல்லாத புத்தகம் படிப்பது. நம் பட்டறையில் இருந்த மோட்டார் கையேட்டை எடுத்தேன். அதில் கம்பிக் கனத்துக்கான அட்டவணையில் ஒரு தப்பு இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன், பதிப்பாளருக்கு எழுதி முடிக்கும்போது விடிந்துவிட்டது. ஐந்தாவது, மனதில் உள்ள குறைகளைக் காகிதத்தில் இறக்கிவிட்டுப் படுக்கச் சொல்கிறான். இறக்கினேன். பன்னிரண்டு பக்கம் வந்தது. அதைப் படித்துப் பார்த்ததில் விட்டுப்போனவை ஞாபகம் வந்து இன்னும் நாலு பக்கம்.

ஆறாவது, எண்ணுவது. ஆட்டை எண்ணச் சொல்கிறான். நாற்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் ஆட்டை ஏன் எண்ண வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு செம்புக் கம்பியைச் சுற்றச் சுற்ற எண்ணினேன். ஒரு காயிலுக்கு எண்பத்தாறு சுற்று. மூன்றாவது காயில் வரும்போது அது எந்த மோட்டார் என்று தெரிந்துபோகிறது. மாவு மில்காரருடைய மோட்டார். நான் கட்டிக்கொடுத்த பதினைந்தாம் நாள் அது கருகி வந்தது. அத்தனை பேர் நிற்கும்போது பெரியண்ணன் மில்காரரிடம், "அது இவன் கட்டினது, நான் பாக்கல" என்று சொன்னார். அவர் படித்துச் சான்றிதழ் வாங்கியவர், நான் அவர் கையைப் பார்த்தே தொழில் கற்றவன். ஆனால் எண்பத்தாறு சுற்றில் ஒரு சுற்றுக்கூட நான் குறைக்கவில்லை. மில்லில் மின்சாரம் ஏறி இறங்கியதற்கு நான் என்ன செய்வேன்? அன்றோடு பேச்சு நின்றது, பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒரே வீட்டில் அவர் கீழே, நான் மேலே. எண்ணினால் தூக்கம் வரும் என்று எழுதியவனை அந்த மில்லில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

மற்ற வழிகளை எல்லாம் எழுதி உன்னைச் சோதிக்க விரும்பவில்லை. தலையணை இல்லாமல் மல்லாந்து படுப்பது என்று ஒன்று இருந்தது. படுத்தால் நெஞ்சின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இரண்டு தலையணை வைத்தேன், பிறகு மூன்று, பிறகு சுவரில் சாய்ந்தேன். கடைசியில் கைவைத்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. இது பதின்மூன்றாவது வழி, நானே கண்டுபிடித்தது, எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. இந்த ஒரு வழியையும் கெடுத்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

அண்ணன் மகன் நாள் முழுக்க மருந்துக் கடையில் நின்று ஊருக்கெல்லாம் தூக்கம் விற்கிறான், வீட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு மாத்திரை கிடையாது. கட்டிலை இறக்கிய அன்று சொன்னான்:

"அப்பாவுக்கு ராத்திரியில ஒரு மாதிரி ஆகுது சித்தப்பா. யாராவது பக்கத்துல இருக்கணும். நீங்கதான் எப்படியும் முழிச்சிருக்கீங்களே."

"நானும் உங்கப்பாவும் பேசுறதில்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"பேச வேணாம் சித்தப்பா. பாத்தா போதும்."

பார்த்தேன். ஏழு வாரமாகப் பார்க்கிறேன். அவருக்கு என்ன நோய் என்று எனக்குப் பிடிபடவில்லை. மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நோயாளி அவர், களைத்துப்போவது நான். ஆனால் ராத்திரி ஆனால் தூங்குவதில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நாற்காலியில் கண்ணயரும் நேரம் பார்த்து டார்ச் விளக்கை என் முகத்தில் அடிக்கிறார். திடுக்கிட்டு விழித்தால் அணைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். ஒரு ராத்திரியில் ஒன்பது முறை அடித்ததை எண்ணி வைத்திருக்கிறேன். வெளிச்சம் போதாதபோது இருமுகிறார். அதற்கும் நான் அசையாவிட்டால் தண்ணீர்ச் செம்பைத் தரையில் போடுகிறார். எண்பத்தொரு வயதில் மனிதனுக்கு இவ்வளவு வன்மம் ஆகாது.

இதோடு முடியவில்லை. அவருக்காக வீடு முழுக்க உப்பு இல்லாத சாப்பாடு. "மாமாவுக்கு ஒத்துக்காது, எல்லாருக்கும் சேர்த்தே செஞ்சிட்டேன்" என்கிறாள் மருமகள். அந்த மாமா மட்டும் சமையலறைக்குள் போய் உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவதை நான் கண்ணால் பார்த்தேன். சொன்னால், "நீங்க கண்டுக்காதீங்க சின்ன மாமா" என்கிறாள். எனக்குக் குடிக்கத் தண்ணீர் நாளைக்கு ஒரு பாட்டில், அதில் அவள் கோடு போட்டு வைத்திருக்கிறாள். காலையில் சத்து மாத்திரை என்று அண்ணன் மகன் ஒரு வெள்ளை மாத்திரை கொடுக்கிறான், அதைப் போட்டுக்கொண்டால் மதியம் வரை கழிவறையிலேயே குடியிருக்க வேண்டும். பல் துலக்கியதும் பழைய இரும்புக் கடையில் நிறுத்துவதுபோல் எடைமேடையில் ஏற்றி, நோட்டில் குறித்துக்கொள்கிறான். ஏனடா என்றால் "அப்பா எடையோட ஒப்பிட்டுப் பாக்கத்தான் சித்தப்பா" என்கிறான். அவர் எடையும் என் எடையும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? நாங்கள் என்ன தராசுத் தட்டா?

நேற்று நேருக்கு நேர் கேட்டேன். "உங்கப்பனுக்கு அவ்வளவு முடியலைன்னா ஆஸ்பத்திரியில சேத்துடு. என்னைத் தூங்க விடு. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனா நான் செத்துடுவேன்" என்றேன். அவன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் பேச்சுக்கு இந்த வீட்டில் இருக்கும் மரியாதை இதுதான்.

ஆகவே நீ செய்ய வேண்டியதும் செய்ய வைக்க வேண்டியதும் நாலு. சனிக்கிழமைக்குள் நீ இங்கே வந்து நிற்க வேண்டும். அண்ணன் மகனை உட்காரவைத்து, எனக்குத் தூக்க மாத்திரை வாங்கித் தரச் சொல்ல வேண்டும். பெரியண்ணனுக்கு இரவில் கூலிக்கு ஆள் போடவோ ஆஸ்பத்திரியில் சேர்க்கவோ அவன் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த டார்ச் விளக்கை நீ உன் கையால் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகளைச் சொல். படுத்ததும் தூங்கும் வரம் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிலைக்கட்டும். பொறாமை இல்லாமல்தான் எழுதுகிறேன்.

உன் சின்னண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். டார்ச் அடித்தது எனக்குத் தெரியவில்லை, செம்பு விழுந்ததும் தெரியவில்லை. யாரோ தோளைக் குலுக்கியதில் கண்ணைத் திறந்தால் என் மூக்குக்குக் கீழே ஒரு விரல். பெரியண்ணனுடையது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"முழிச்சிட்டியா. சரி."

"என்ன பண்றீங்க?"

"மூச்சு வருதான்னு பாக்குறேன்."

"யாரு மூச்சு?"

"இங்க வேற யாருடா இருக்கா? உனக்கு அப்பப்போ நின்னுடுது. இப்ப இருபது எண்ணுற வரைக்கும் வரல."

"உங்களுக்குத்தானே உடம்பு சரியில்ல?"

"எனக்கென்ன, முட்டி வலி. உனக்குத்தான் இதயம் கால்வாசிதான் வேலை செய்யுதாம். மூச்சு நின்னா உடனே எழுப்பணும், தூக்க மாத்திரை பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உன்கிட்ட சொன்னா டாக்டரோட சண்டைக்குப் போயி மருந்தையும் விட்டுடுவேன்னு பையன் பயந்தான்."

"அதுக்காக நீங்க ஏழு வாரமா உக்காந்திருக்கீங்களா?"

"வேற யாரு உக்காருவா? பையன் காலையில கடை திறக்க வேணாமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நாமதான் பேசுறதில்லையே."

எனக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அதை அண்ணன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நம்புகிறேன். இது எனக்குச் செய்யப்பட்ட எல்லாவற்றிலும் பெரிய அநியாயம். எண்பத்தொரு வயது மனிதர் தன் தூக்கத்தை எடுத்து எனக்குச் செலவழிக்கலாமா? என்னைக் கேட்டாரா? "படுங்க, நான் முழிச்சுத்தான் இருக்கேன்" என்றேன். "நீயா" என்று ஆரம்பித்தவர் வாக்கியத்தை முடிக்காமல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். இப்போது மணி நாலரை.

மேலே எழுதிய நாலையும் அடித்துவிடு. இனி இப்படி:

சனிக்கிழமை வரை காத்திருக்காதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பு. ராத்திரியில் அண்ணன் இடத்தில் இனி நீ உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உனக்கு அறுபத்தாறு வயதுதான், இத்தனை வருஷம் தூங்கியது போதும். தலையணையும் போர்வையும் கொண்டுவராதே.

அண்ணன் மகனை நீ ஒன்றும் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன். அவன் அவனுடைய அப்பாவுக்குத் தூக்கம் வர ஒரு மருந்து கேட்டு வர வேண்டும், அவருக்கு இதயம் முழுசாக இருக்கிறது.

மருமகள் உப்பில்லாமலே சமைக்கட்டும். நான் திட்டுவேன். அவள் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அவளிடம் சொல்ல வேண்டியது நீ.

நீ வரும் வரை அண்ணனைப் பகலில் தூங்கவைப்பது என் பொறுப்பு.

எனக்கு ராத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால் அவரை எழுப்பக் கூடாது. நன்றாக விடிந்து, அவராக எழுந்து, முகம் கழுவிய பிறகு சொன்னால் போதும். அதுவரை கூடத்தில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நீ.