சீதனக் காணிக்குள் நான் விட்ட கடல்

கடலில் கால் நனைக்கவே பயந்த ஒருத்தி, அந்தக் கடல் எந்த மாதம் யாருடைய வேலியைத் தாண்டும் என்று இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தாள். அவள் நான்தான். மறைத்துப் பயனில்லை. நான் மறைத்தாலும் உப்புவெளியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று வயது. தம்பலகாமத்து வயல்காரக் குடும்பம் எங்களுடையது. குளம் உடைப்பெடுத்தால் எந்த மேட்டில் ஏறவேண்டும், யானை வந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கடல் என்பது பஸ் யன்னலால் தெரிகிற ஒரு நீலம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட என்னைக் கடற்கரை ஊரான உப்புவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குப் புவியியல் படிப்பிக்க அனுப்பினார்கள்.

தங்கியது செல்லையா அண்ணர் வீட்டில். அவருக்குச் சொந்தமாக ஒரு கரைவலை இருந்தது. மனைவி பூமணி அக்கா, மீன்குழம்பு வைத்த நாளெல்லாம் தலையை எனக்கென்று எடுத்து வைப்பார். மூத்த மகள் திலகத்துக்கு ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை யோகராசா துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டுபவர். சீதனம், கடற்கரையோரமாகச் செல்லையா அண்ணருக்கு இருந்த தென்னங்காணி. வேறு காணி அவரிடம் இல்லை. கடலைப் பார்த்தபடி அதில் ஒரு வீடு கட்டுவதாகத் திட்டம்.

ஆசிரியர் கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், வரைபடம் நேற்றைய நிலத்தை மட்டுமல்ல, நாளைய நிலத்தையும் காட்டும் என்று சொல்வார். அதைக் கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். ஏழாம் வகுப்புக்கு நாளைய நிலத்தைக் காட்டிவிடுவது என்று இறங்கினேன். (நாளைய மதியச் சாப்பாட்டுக்கு என்ன கறி என்றுகூட எனக்குத் தெரியாத காலம் அது.)

ஐப்பசியில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அளப்பதற்கு அசையாத ஓர் இடம் வேண்டும். வசதியாக இருந்தது செல்லையா அண்ணரின் காணி வேலிதான். வேலியிலிருந்து தண்ணீர் வரை கயிறு பிடித்து அளந்தோம். நாற்பது யார், அதாவது நூற்றிருபது அடி. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஊர்ப்படம் வரைந்து, கரையை ஒரு கோட்டால் குறித்தோம். தை மாதம் மறுபடி போய் அளந்தோம். இருபத்திரண்டு யார்! மூன்று மாதத்தில் பதினெட்டு யார் நிலம் காணாமல் போயிருந்தது. என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பாடப் புத்தகத்தில் உள்ளது கண்முன்னே நடந்தால் எந்த ஆசிரியைக்குத்தான் மகிழ்ச்சி வராது?

"மூன்று மாதத்துக்குப் பதினெட்டு என்றால் வருடத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"எழுபத்திரண்டு, ரீச்சர்!" என்று வகுப்பு கத்தியது.

அதுதான் எதிர்வுகூறல் என்றேன். வைகாசியில் கடல் வேலிக்கு வரும். மறு வைகாசிக்குள் காணி முழுவதும் கடல். ஒருத்தன் நிறுத்தாமல் பெருக்கிக்கொண்டே போய், முந்நூறு வருடத்தில் தம்பலகாமத்தில் ரீச்சரின் வீட்டுக்குள்ளும் கடல் வந்துவிடும் என்று எழுதியிருந்தான். அதற்கும் சரி போட்டேன்.

வகுப்பிலேயே அழகான படம் வசந்தியுடையது. வருங்காலக் கடலுக்கு நீல மை தீட்டியிருந்தாள். காணி இருந்த இடத்தில் மீன்கள் நீந்தின. வீடு வரவேண்டிய இடத்தில் ஒரு சுறா வாயைத் திறந்துகொண்டு நின்றது. பத்துக்குப் பத்துப் போட்டு, "வீட்டிலே அப்பா அம்மாவுக்குக் காட்டுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். (நானேதான் சொன்னேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.)

வசந்தி யார் தெரியுமா? மாப்பிள்ளை யோகராசாவின் கடைசித் தங்கச்சி.

மறுநாள் பாடசாலை விட்டு வந்தபோது செல்லையா அண்ணர் வீட்டு மேசையில் அந்தப் படம் விரிந்து கிடந்தது. அதன் நான்கு மூலையிலும் நான்கு பிளேன்ரீக் கோப்பைகள். முன்னால் கதிரையில் மாப்பிள்ளையின் தகப்பனார். ஊரில் அவரை ஸ்டோர்கீப்பர் என்றுதான் சொல்வார்கள். முப்பது வருடம் துறைமுகத்துக் களஞ்சியத்தில் இருந்து இளைப்பாறியவர். துறைமுகத்தில் இருந்தாரே தவிரக் கடலோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. எழுத்தில் இருப்பதை மட்டுமே நம்புவார்.

"வாங்கோ ரீச்சர். இந்தச் சரியும் இந்தக் கையெழுத்தும் உங்கடதோ?"

"ஓம், ஐயா." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அதற்குப் பிறகுதான் செல்லையா அண்ணரின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப என்ர மகனுக்குச் சுறா இருக்கிற காணியைத்தான் குடுக்கப் பாக்கினம்," என்றார் ஸ்டோர்கீப்பர்.

"ஐயா, மாரியில வாடைக் காத்துக்குக் கடல் மண்ணை எடுக்கும். கோடையில கச்சான் காத்துத் தொடங்கத் திருப்பித் தரும். எங்கட அப்பு காலத்திலயிருந்து இப்பிடித்தான்," என்றார் செல்லையா அண்ணர்.

"நீங்கள் காணி குடுக்கிற ஆள். வேற என்னத்தைச் சொல்லுவியள்?"

பக்கத்து மீன்வாடியிலிருந்து வந்த இரண்டு வலைக்காரர்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் செல்லையா அண்ணருடைய ஆட்கள் என்று ஸ்டோர்கீப்பர் தள்ளிவிட்டார். மாலையில் யோகராசாவே சைக்கிளில் வந்து, "அப்பா, ரண்டு வருசமா லோஞ்சில நிண்டு இந்தக் கரையைப் பாக்கிறன். மண் திரும்பி வரும்," என்றார். "நீ பெட்டையைப் பாத்திட்டாய். உனக்கு இனிக் கடலிலயும் வீடு கட்டலாம்," என்று மகனின் வாயையும் அடைத்துவிட்டார்.

கடலைத் தெரிந்தவர்கள் எல்லோருமே ஒரு பக்கத்து ஆட்களாகிவிட்டார்கள். எந்தப் பக்கமும் சேராமல் மிஞ்சியது ஒரே ஒரு ஆள். கடலைப் பற்றி ஒன்றுமே தெரியாத நான்.

வைகாசி வரை பார்ப்பது, கடல் வேலிக்கு வந்தால் பேச்சை விட்டுவிடுவது என்று சொல்லிவிட்டு ஸ்டோர்கீப்பர் எழுந்து போனார். குசினிக் கதவுக்குப் பின்னால் திலகம் அழுவது கேட்டது. அன்றைக்கும் பூமணி அக்கா மீன்தலையை என் சோற்றுக் கோப்பையில்தான் போட்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மீன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே ஸ்டோர்கீப்பர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஐயா, அது பிள்ளையளுக்குக் குடுத்த ஒரு பயிற்சிதானே. அதை வச்சுக் கல்யாணத்தை நிப்பாட்டாதையுங்கோ."

"அப்ப பயிற்சி பிழையோ?"

"பிழை எண்டு இல்லை..."

"சரியெண்டால் கல்யாணம் இல்லை. பிழையெண்டால், பிழையைப் படிப்பிச்சு பத்துக்குப் பத்தும் போட்டிருக்கிறியள் எண்டு கல்விக் கந்தோருக்கு நான் எழுதவேணும். எது எண்டு சொல்லுங்கோ."

ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே அளந்து எழுத்தில் தருகிறேன் என்றேன். எழுத்து என்றதும் அவருடைய முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கயிற்றின் ஒரு முனையைப் பெண் வீட்டு ஆளும் மறுமுனையை மாப்பிள்ளை வீட்டு ஆளும் பிடிக்க வேண்டும். களவு நடக்கக் கூடாது.

பெண் வீட்டுக்காகத் திலகம் வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காக யோகராசா வந்தார். வேறு யாருக்கும் சனிக்கிழமை நேரமில்லையாம்!

மாசியில் முதல் அளவு. பத்தொன்பது யார். இன்னும் மூன்று யார் போயிருந்தது. முன்வரிசையில் இரண்டு தென்னைகளின் வேரில் உப்புநீர் தெறித்தது. யோகராசா கயிற்றைச் சுருட்டினார். திலகம் என்னைப் பார்க்கவேயில்லை.

அந்தக் காலத்தில் நான் எப்படி இருந்தேன் என்றால், வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அலை சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டால் சோக்குக் கட்டி கையிலிருந்து விழுந்துவிடும். கடல் அம்மாவுக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். பிறகு, தேங்காயும் அதே காணித் தேங்காய்தானே, கடல் என்ன நினைக்கும் என்று யோசித்துக் கற்பூரமாக மாற்றினேன். இடமாற்றம் கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பெட்டியில் வைத்திருந்தேன்.

பங்குனியில் அதே பத்தொன்பது. ஒரு வாரம், இரண்டு வாரம், அசைவில்லை. சித்திரை பிறந்து முதல் சனிக்கிழமை கயிற்றை இழுத்தோம். இருபது.

"இன்னொருக்கா இழுங்கோ," என்றேன்.

இருபதுதான். மூன்றாம் தரமும் இழுத்தோம். இருபதும் ஓர் அடியும்! நான் ஈரமணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அலை வந்து என் சேலையை முழங்கால் வரை நனைத்தது. வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலில் கால் நனைத்தது அப்போதுதான். எனக்கு ஒரு பயமும் வரவில்லை. அழுகைதான் வந்தது. திலகம் ஓடிவந்து, "அக்கா, எழும்புங்கோ, ஆக்கள் பாக்கினம்," என்று கையைப் பிடித்துத் தூக்கினாள். மூன்று மாதத்தில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. அன்று மத்தியானம் பூமணி அக்காவும் வாய் திறந்தார். "குழம்புக்கு உப்புக் காணுமோ, பிள்ளை?" என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை எடுத்து வெளியே வைத்தது போல இருந்தது.

பிறகு மண் வந்த வேகம் இருக்கிறதே! கச்சான் வீசத் தொடங்கியதும் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. சித்திரைக் கடைசியில் இருபத்தாறு. வைகாசியில் கடல் வேலிக்கு வரவேண்டிய நாளில் முப்பத்துமூன்று. ஆனிக் கடைசியில் நாற்பத்துநான்கு. ஐப்பசியில் இருந்ததைவிட நான்கு யார் கூட! சனிக்கிழமை அளவு எடுக்கப் போனால் கயிறு பிடிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திலகமும் யோகராசாவும் பேசினார்கள். ஒருமுறை நான் அளந்து முடித்து, எழுதி, வீட்டுக்கு வந்து, குளித்த பிறகும் அவர்கள் கயிற்றைச் சுருட்டி முடித்திருக்கவில்லை.

கொப்பியை எடுத்துக்கொண்டு எல்லோருமாக ஸ்டோர்கீப்பரைக் காணப் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பென்சில் எடுத்து ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

"ரீச்சர், மூண்டு மாசத்தில இருபத்தைஞ்சு யார் கூடியிருக்கு."

"ஓம், ஐயா."

"அப்ப வருசத்துக்கு நூறு யார். பத்து வருசத்தில காணி ஆயிரம் யார் வளந்திடும்!"

என் வாய் தானாகத் திறந்தது. ஐயா, அப்படி நேர்கோட்டில் பெருக்கக் கூடாது, வாடை வந்தால் மறுபடி போய்விடும், அதைத்தானே இவர்கள் ஆரம்பத்திலிருந்து சொன்னார்கள் என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் பூமணி அக்கா தட்டிலிருந்த உளுந்து வடை ஒன்றை எடுத்து என் வாயில் திணித்துவிட்டார். "சாப்பிடுங்கோ பிள்ளை, விடியத் தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்ல," என்றார். மேசைக்குக் கீழே திலகம் என் காலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டோர்கீப்பர் குரலைத் தாழ்த்தினார். "செல்லையா, வளருற மண்ணும் பிள்ளைக்கெண்டு காணி உறுதியில ஒரு வரி எழுதிவிடுங்கோ. பிறகு நீங்கள் மனம் மாறக்கூடாது."

செல்லையா அண்ணர் நீண்டநேரம் யோசிப்பது போல இருந்துவிட்டு, "உங்களுக்காக எழுதுறன், ஐயா," என்றார்.

நான் வடையை மென்றேன். படிப்பிக்கத் தொடங்கிய பிறகு ஒரு பிழையான விடையைப் பார்த்தும் திருத்தாமல் விட்டது அன்றைக்குத்தான். வடை அவ்வளவு ருசியாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. இடமாற்றக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். வீட்டை, செல்லையா அண்ணரும் யோகராசாவும் ரகசியமாகப் பேசி, காணியின் பின்பக்கம் தெருவோரமாகக் கட்டினார்கள். நான் ஏழாம் வகுப்புக்கு எதிர்வுகூறலை விடவில்லை. ஆனால் ஒரு வருடம் முழுக்க அளக்காமல் யாரும் ஒரு கோடும் கீறக்கூடாது என்று சட்டம் போட்டேன். அளக்கப் போகும் முன் வலைக்காரர் இரண்டு பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பதும் சட்டம்.

மார்கழியில் வாடை அடித்தது. கடல் எழும்பி வந்து வளர்ந்த மண்ணை எல்லாம் வாரிக்கொண்டு போனது. செய்தி கேட்டு ஸ்டோர்கீப்பர் குடையோடு வந்தார். வேலியோரம் நின்று, என் கொப்பியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், மறுபடி கொப்பியைப் பார்த்தார். கொப்பியை மூடி என்னிடம் தந்தார்.

"கணக்குச் சரி, ரீச்சர்," என்றார். "கடல்தான் பிழை."

அன்று தொடக்கம் திலகம் வீட்டில் சோறு அடிப்பிடித்தாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும், தைக்கக் கொடுத்த சட்டை இறுகினாலும் இதைத்தான் சொல்வார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் திலகத்தின் மூத்தவன் என்னுடைய ஏழாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். ஒருநாள் அவன் வரைந்த படம் தலைகீழாக இருந்தது, வடக்குக் கீழே, தெற்கு மேலே. எழும்பச் சொல்லி இது என்ன என்று கேட்டேன். கொஞ்சமும் வெட்கப்படாமல் நிமிர்ந்து நின்று சொன்னான்:

"கணக்குச் சரி, ரீச்சர். கடல்தான் பிழை."

நான் என்ன செய்ய? அரைப் புள்ளி போட்டு உட்காரச் சொன்னேன்.