மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

அன்பும் பயமும் கலந்த மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் நலம். அங்கே மாவுக்கட்டுப் போட்ட உன் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மேடைப் படியில் மூன்றாவது கட்டை இல்லை, பார்த்து இறங்குங்கள் என்று நாலு வருஷமாக ஊரையே எச்சரித்துவந்த நீயே, நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த இல்லாத கட்டையில் கால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய். "பூசி மெழுகாம, பிள்ளைங்க என்ன சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை விடாம எழுதி அனுப்பு" என்று போனில் கட்டளையும் போட்டாய். எழுதுகிறேன். படிக்கும்போது யாரையாவது உதைக்கத் தோன்றினால் இடது காலைப் பயன்படுத்தவும்.

முதலில் என் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்குள், பிள்ளைகளுக்காக நீ எழுதிய 'முடி இழந்த மன்னன்' நாடகத்தில் 'முடி' என்ற சொல் எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் அடித்துவிட்டுக் 'கிரீடம்' என்று போட வேண்டும். இரண்டு, மன்னன் வேஷத்திலிருந்து என்னை விடுவிக்க வேண்டும். இரண்டில் எதையும் நீ மறுக்க முடியாது என்பது மீதியைப் படித்தால் விளங்கும்.

ஒத்திகையின் முதல் நாளே நான் கேட்டேன், "கிரீடம்னு போட்டா என்னக்கா?" என்று. "கிரீடம் இரவல் சொல்லு. முடி நம்ம சொல்லு. முடி சூடினான், முடி துறந்தான், எவ்வளவு அழகா இருக்கு. உனக்கு லிஃப்ட் தெரியும், எனக்குத் தமிழ் தெரியும். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்" என்றாய். முப்பது வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவளிடம் லிஃப்ட் பழுதுபார்ப்பவன் என்ன வாதாடுவது, வாயை மூடிக்கொண்டேன். அதோடு, என்னை இந்த வேஷத்துக்கு நீ எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்பதும் உனக்கு மறந்திருக்காது. இருபத்தாறு வயதில் எனக்குக் கொட்டத் தொடங்கியதிலிருந்து வேலைக்குத் தொப்பி, கடைத்தெருவுக்குத் தொப்பி, கல்யாணப் போட்டோவிலும் தொப்பி. "மன்னன்னா தலையில எப்பவும் கிரீடம் இருக்கும்டா, வழுக்கை தெரியவே தெரியாது" என்று ஆசை காட்டினாய், அது பாதியில் திருட்டுப்போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கவனி, அன்றைக்கு நீயே வாய்தவறிக் கிரீடம் என்றுதான் சொன்னாய்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். மூன்று பள்ளிக்கூடங்களிலிருந்து நூற்று நாற்பது பிள்ளைகள். திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன், ஏதோ தேன்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி இருந்தது. முதல் வரிசை ஓரத்தில் ஓர் அப்பாவோடு எட்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, இந்த வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்ம கட்சி என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் கரடி வேஷம் போட்ட பேக்கரிக்காரர், நீ தைத்துக் கொடுத்த தலைக்குள்ளிருந்து நேரே மட்டுமே பார்க்க முடிகிற காரணத்தால், நாற்காலியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்தார். நாற்காலியில் இருந்தது என் கிரீடம். மூன்று நாள் நீ அட்டை வெட்டித் தங்கத்தாள் ஒட்டிச் செய்த கிரீடம், அப்பளமாகிவிட்டது. "முடியாது, முடி இல்லாம நான் போக முடியாது" என்றேன். "முடியும், போங்க" என்று உன் தம்பி பெண்டாட்டி என்னைத் தள்ளிவிட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று போனேன், என் விஷயத்தில் தலைக்கு மேல் எதுவுமே இல்லை என்பதுதான் தொந்தரவு.

நீ எழுதியபடி மன்னன் காட்டில் தூங்குகிறான், விளக்கு அணைகிறது, விளக்கு எரியும்போது தலையில் கிரீடம் இல்லை. நான் வழுக்கையோடு தூங்கினேன், விளக்கு அணைந்தது, வழுக்கையோடு விழித்தேன். "ஐயோ, என் முடி எங்கே?" என்றேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல், மிகுந்த மரியாதையோடு, "சார், உங்களுக்கு முன்னாடியே இல்ல சார்" என்றது. அந்தச் சிரிப்பை நான் எழுத்தில் எழுத முடியாது, நீ ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் அங்கே கேட்டிருக்கும். அதோடு போயிற்றா என்றால் இல்லை. ஒரு பெண் எழுந்து, விளக்கு அணையும் முன்பே யாரோ எடுத்துவிட்டார்கள், தான் கவனித்துக்கொண்டேதான் இருந்ததாகச் சாட்சி சொன்னாள். இன்னொரு பையன் தன் தலையைத் தடவிப் பார்த்து, "என்னோடத எடுத்துக்குங்க, ஞாயித்துக்கிழமை எப்படியும் வெட்டத்தான் போறாங்க" என்றான். இரக்கமுள்ள பிள்ளைகள் அக்கா, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் கரடி உள்ளே வந்தபோதுதான் ஆரம்பித்தது.

உன் கதையில் திருடியது நரி. கரடி பரம சாது, தேன் தருவதற்காக வருகிறது. ஆனால் உச்சி முதல் பாதம்வரை முடியாக ஓர் ஆள் வந்து, "மன்னா, உங்கள் முடியை நான் காணவில்லை" என்று சொன்னால் பிள்ளைகள் எப்படி நம்புவார்கள், நீயே சொல். "கரடிதான் எடுத்துச்சு" என்று நூற்று நாற்பது குரலும் ஒன்றாகக் கிளம்பியது. பேக்கரிக்காரர் மண்டியிட்டுச் சத்தியம் செய்தார். "அப்ப இதெல்லாம் ஏது?" என்று ஒரு பையன் மேடை விளிம்பில் நின்று அவர் முழங்கையைப் பிடித்துக் கேட்டான். நரி வேஷம் போட்ட தையற்காரம்மா நடுவே புகுந்து, "நான்தான் எடுத்தேன், நான்தான் எடுத்தேன்" என்று கதறினார். "நீங்க நல்லவங்க, அவருக்காகப் பொய் சொல்றீங்க" என்று பிள்ளைகள் அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தார்கள். நடந்ததை நினைத்துப் பார்த்தால் பிள்ளைகள் சொன்னதும் சரிதான், கிரீடத்தை ஒழித்தது கரடிதானே.

இனி வருவதைச் சிரிப்பாக எழுத எனக்குத் தெரியவில்லை. இடைவேளைக்குப் பிறகு மன்னன் புலம்பும் இடம் வந்தது. நீ பன்னிரண்டு வரி எழுதியிருக்கிறாய். கிரீடத்தை நினைத்துத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். "முடியில்லாத தலையும் ஒரு தலையா? முடியில்லாதவனை யார் மதிப்பார்?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னேன். ஒத்திகையில் வராத அழுகை அன்றைக்கு நிஜமாகவே வந்தது, பதினெட்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைச் சத்தமாகச் சொன்னதால் இருக்கலாம். அப்போது முதல் வரிசையில் அந்தப் பெண் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினாள். ஒரு முடிகூட இல்லை. "எனக்கும்தான் இல்ல. நான் என்ன இப்படி அழுதுட்டா இருக்கேன்?" என்றாள்.

திரைக்குப் பின்னாலிருந்து உன் தம்பி பெண்டாட்டி, "அடுத்த வரி, அடுத்த வரி" என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரி, "இனி யார் முகத்தில் விழிப்பேன்". என்னால் சொல்ல முடியவில்லை அக்கா. எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது ஒன்று உண்டு. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டால், சரிசெய்யும்வரை உள்ளே இருப்பவரோடு வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் தனியாக இருப்பதாக நினைக்கவே கூடாது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "நீங்க எந்த நாட்டு ராணி?" என்று கேட்டேன்.

"நாலாம் வகுப்பு. இப்ப லீவுல இருக்கேன்" என்றாள்.

"முடிய யார் எடுத்தது?"

"மருந்து. கரடியெல்லாம் இல்ல."

"அப்புறம் என்ன பண்ணினீங்க?"

"விக்கு வாங்கிக் குடுத்தாங்க. அரிச்சுது. தொப்பி போட்டேன். இதுவும் அரிக்குது."

"எனக்குப் பதினெட்டு வருஷமா அரிக்குது" என்றேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

நாடகம் வழி தவறிவிட்டது என்று பதறிய தையற்காரம்மா, எப்படியாவது கதையை முடித்துவிட வேண்டும் என்று, இரண்டு காட்சியைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடிவந்து, "மன்னா, இதோ உங்கள் முடி" என்று நீட்டினார். கிரீடம்தான் அப்பளமாகிவிட்டதே, அதனால் நாடகப் பெட்டியில் எப்போதோ யாரோ போட்ட ஒரு பழைய விக்கைக் கொண்டுவந்திருந்தார். உன் எழுத்துப்படி நான் அதைச் சூடி, "முடி சூடினேன், மீண்டும் மன்னனானேன்" என்று முழங்க வேண்டும். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "வைக்கட்டுமா?" என்றேன். அவள் நன்றாக யோசித்துவிட்டு, "வேணாம், நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள். கூடம் முழுக்க "வேணாம், வேணாம்" என்றது. "அப்ப இத யாருக்குக் குடுக்கலாம்?" என்றேன். பதில் உனக்கே தெரியும். ஏற்கெனவே வியர்த்து நனைந்திருந்த கரடியின் தலையில் விக்கையும் வைத்து நாடகத்தை முடித்தோம். உன் முடிவை மாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் அந்த இடத்தில் நீ இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

பிள்ளைகள் எழுதிய கருத்துத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். 'ராஜாவின் வழுக்கை நிஜம் மாதிரியே இருந்தது' என்று ஒன்று. 'இடைவேளை மிகவும் நன்றாக இருந்தது' என்று ஒன்பது. கரடியைச் சிறையில் போட வேண்டும் என்று முப்பத்திரண்டு பேர், அவர்களில் ஒருவன் மட்டும் தினமும் தேன் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறான். பேக்கரிக்காரர் என் முகத்தில் விழிப்பதில்லை. திங்கட்கிழமை அவர் கடையில் பத்துப் பேர் நிற்கும்போது ஒரு பொடியன் வந்து, "இந்த பன்னுல ராஜாவோட முடி இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனானாம். வியாபாரி காதில் விழக்கூடிய கேள்வியா அது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் போகும்போது அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். "மூணு மாசத்துல இன்னிக்குத்தான் வெளியில தொப்பியக் கழட்டினா. முடி திரும்ப வந்துடும்னு டாக்டர் சொல்றார்" என்றார். எனக்கு எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை, இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அவள் கெட்டிக்காரி, எழுந்து பதில் சொல்லிவிட்டாள். பதில் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளை அந்த வரியைக் கேட்டுவிட்டு வாய் திறக்காமல் வீட்டுக்குப் போயிருந்தால்? அதற்காகத்தான் கிரீடம் என்று மாற்றச் சொல்கிறேன். என்னையும் விட்டுவிடு, இன்னொரு தடவை அந்த வரியைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உன் முழங்காலால் என் தலை சந்திக்கு வந்ததைத்தான் இப்போது கண்ணால் பார்க்கிறேன்.

உன் எலும்பு சீக்கிரம் கூடட்டும். கட்டுக்குள் அரித்தால் பின்னல் ஊசியை விடாதே, அத்தானை ஊதச் சொல். பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு அன்பும்.

இப்படிக்கு,
பதவி விலகிய மன்னன்,
உன் தம்பி.

பின்குறிப்பு: உறையில் போடத் தாள்களை அடுக்கும்போது, பழச்சாறு சிந்தி இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பிரித்தால் அடியில் இருந்தது அவள் தாள். இரண்டு வட்டத் தலைகள் வரைந்திருக்கிறாள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது, இரண்டும் பளபளக்கின்றன என்பதற்குச் சுற்றிலும் கோடுகள். கீழே எழுதியிருப்பது: 'ராஜா மாமா, அடுத்த சனிக்கிழமை எனக்கு ஊசி இல்லை. எங்க வார்டிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவேன். அவர்களுக்கும் முடி இல்லை. முடியில்லாத தலையும் ஒரு தலையா என்று நீங்கள் சத்தமாகக் கேளுங்கள். நாங்கள் சேர்ந்து பதில் சொல்கிறோம். நாலு நாள் பயிற்சி கொடுக்கப்போகிறேன்.'

ஆகவே மேலே உள்ள இரண்டு கோரிக்கைகளையும் அடித்துவிடு. ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே. கிரீடத்தை யாரும் ஒட்ட வேண்டாம், மன்னன் நான்தான். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் தொப்பி இல்லாமல் போகிறேன். கரடிக்கு மட்டும் வேறு ஆள் பார்.