ஐந்து சட்டைத் தொண்டர்

அந்தச் சனிக்கிழமை மாலை கலியமூர்த்தி ஒரு சபதம் எடுத்தார். இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஏணியில் ஏறுவதில்லை.

ஆவடி தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் பிரிவில் அவர் பெரிய புள்ளி. அங்கே அவர் தும்மினால் முப்பது பேர் கைக்குட்டை நீட்டுவார்கள். பாரிவாக்கத்தில், மூன்றாவது மாடி வீட்டில் அவர் தும்மினால், "ஃபேன்ல தூசி சேர்ந்துடுச்சு போல. ஏறித் துடைங்க" என்பாள் மனைவி பார்வதம். ஃபேன் முடிந்தால் ஜன்னல். ஜன்னல் முடிந்தால் பரண். வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாவது நாள் ஓவர்டைம் பார்க்கிற ஒரே ஊழியர் அவர்தான். அந்த ஓவர்டைமுக்குச் சம்பளமும் கிடையாது.

எதிர்வீட்டு இருதயராஜ்தான் வழி சொன்னார். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். வழி சொல்வதில் கெட்டிக்காரர். அந்த வழியில் தாம் மட்டும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர்.

"அண்ணாத்தே, கிண்டி நேசனல் பார்க்குல தொண்டு செய்ய ஆள் கேக்குறாங்கோ. ஞாயித்துக்கெயம காத்தால ஏழுலேர்ந்து பதினொண்ணு. வேலியாண்ட கெடக்குற பிளாஸ்டிக்க பொறுக்கணும். உண்ணிச்செடி மண்டிக் கீது, அத்த புடுங்கணும்."

"அதுக்கு நான் வீட்டு ஃபேனையே துடைச்சுடுவேனே!"

"இன்னா நீ, புரியாம பேசிக்கினு! போய் நின்னுகினு ஒரு போட்டோ. அப்பால ஆலந்தூர்ல என் தம்பி ஊடு காலியாக் கீது. ஏசி கீது. கேரம் போர்டு கீது. இன்னா வோணும் உனுக்கு?"

கலியமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று இரவு சாப்பாட்டின்போது விஷயத்தை எடுத்தார். "பார்வதம், நாட்டுக்கு ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாளா மனசுல..."

"செய்யுங்க."

"மிருகங்க வாயில்லாத ஜீவன். அதுக்காக ஞாயித்துக்கிழமைய..."

"தாராளமாப் போயிட்டு வாங்க. எலுமிச்சம் சாதம் கட்டித் தரேன்."

ஏழு வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். இரண்டிலேயே முடிந்துவிட்டது. மிச்ச ஐந்தையும் சாம்பாரோடு சேர்த்து விழுங்கினார்.

மறுநாள் காலை பூங்கா வாசலில் வித்யா என்ற பெண் எல்லோருக்கும் கையுறையும் சாக்குப் பையும் கொடுத்தாள். தொண்டர்களை ஒருங்கிணைப்பவள் அவள்தான். கலியமூர்த்தி கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு தம் பையைத் திறந்தார். உள்ளே ஐந்து சட்டைகள்!

ஸ்டோர்ஸ்காரர் மூளை அது. சரக்கை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, வாராவாரம் கொஞ்சமாக வெளியே விட வேண்டும். நீலச் சட்டையில் குனிந்தபடி ஒரு போட்டோ. கட்டம் போட்ட சட்டையில் சாக்குடன் ஒன்று. வெள்ளையில் வியர்வையைத் துடைத்தபடி ஒன்று. மரத்தின் பின்னால் போய்ப் போய்ச் சட்டை மாற்றி வந்தார். இருதயராஜ் மொபைலில் எடுத்துத் தள்ளினார். ஐந்து வாரத் தொண்டு பதினோரு நிமிடத்தில் முடிந்தது.

அப்புறம் ஹோட்டலில் பொங்கல், வடை. ஆலந்தூரில் ஏசி. பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்பும்போது, தெருமுனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஒரு பிடி எடுத்துப் பேன்ட்டில் தடவிக்கொண்டார். வாசலிலேயே, "அப்பாடா!" என்றார். நடிப்பும் இல்லை, பொய்யும் இல்லை. பொங்கல் அப்படி.

"என்னங்க செஞ்சீங்க அங்க?" என்று பார்வதம் மோர் கொடுத்தபடி ஆவலாகக் கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. கலியமூர்த்தி ஆரம்பித்துவிட்டார். உண்ணிச்செடியின் வேர் மலைப்பாம்பு நீளம். இழுத்த இழுப்பில் பக்கத்து மரத்துக் குரங்கு கீழே விழுந்துவிட்டது. அவர்தான் தூக்கி விட்டார். ஒரு புள்ளிமான், நல்ல கொம்பு, நேரே வந்து அவர் கையை நக்கியது.

"கையையா?"

"வலது கைய. இன்னும் ஈரம் காயல, பாரு."

பார்வதம் பார்த்தாள். "இத கஸ்தூரி கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவா!" என்று இரண்டாவது மாடிக் கஸ்தூரியைக் கூப்பிட்டாள். கஸ்தூரி கேட்டாள். கஸ்தூரி கேட்டால் நான்கு மாடிகளும் கேட்ட மாதிரி.

அடுத்தடுத்த வாரங்களில் கதை கேட்க மொட்டைமாடியில் கூட்டம் சேர்ந்தது. நாற்காலி போட்டார்கள். பார்வதமே எல்லோருக்கும் சுண்டல் செய்து கொடுத்தாள். கலியமூர்த்தி ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் வாரம் ஒரு சட்டையாகப் போட்டோ விட்டார், வாரம் ஒரு படியாகப் பதவியும் உயர்ந்தார். ஐந்தாவது வாரம் அவருக்குக் கீழே இருபது தொண்டர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆலந்தூர் ஏசியில் அவருக்கு இரண்டு கிலோ ஏறியிருந்தது.

"இவ்வளவு உழைச்சும் உடம்பு எப்படிங்க தேறுது?" என்றாள் பார்வதம்.

"காத்து அப்படி."

அந்த ஐந்தாவது ஞாயிறு, சுண்டல் தீர்ந்த நேரத்தில், அவள் எழுந்து நின்றாள். "அடுத்த வாரம் இவரோட நாம எல்லாருமே போறோம். நாப்பது பேர். பஸ் பேசியாச்சு."

கூட்டம் கைதட்டியது. கலியமூர்த்தியும் தட்டினார். இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது.

"எங்க போறோம்?"

"உங்க பார்க்குக்குத்தாங்க. நீங்க முன்னாடி நின்னு சொல்லிக் குடுங்க. நாங்க செய்யறோம்."

அந்த வாரம் முழுக்க அவருக்குத் தூக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்றார். தெர்மாமீட்டர் இல்லை என்றது. வியாழக்கிழமை நொண்டினார். "காலைல வலது கால நொண்டுனீங்க, இப்ப இடதா?" என்று கேட்டாள் அவள். வெள்ளிக்கிழமை, பூங்காவுக்கு ஞாயிறு விடுமுறை என்றார்.

"இல்லையே, வித்யாகிட்ட கேட்டுட்டேனே."

"எந்த வித்யா?"

"உங்ககூட வேலை செய்யற பொண்ணு. நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னோமா? அவருக்கு நினைவில்லை. சொன்ன பொய்களுக்கு ஸ்டோர்ஸ் மாதிரி ரிஜிஸ்டர் போட்டு வைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை இருதயராஜ் வீட்டுக் கதவைத் தட்டினார். பூட்டு. போனில் பிடித்தார். "அண்ணாத்தே, வெள்ளானூர்ல ஒரு கல்யாணம். நாளிக்கி வர்றதுக்கில்ல. நீ கில்லி மாதிரி சமாளிச்சுருவ!"

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிண்டிக்குக் கிளம்பியது. நாற்பது பேர், நாற்பது தொப்பி, ஒரே ஆரவாரம். முன் சீட்டில் கலியமூர்த்தி மட்டும் பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மானைப் பார்க்கப் போகும் இடத்தில் மானம் போகப் போகிறது. அதுவும் நாற்பது பேர் முன்னால். பால்காரர்கூட இனி பாக்கெட்டைக் கையில் கொடுக்க மாட்டார், கதவில் எறிந்துவிட்டுப் போய்விடுவார்.

வாசலில் வித்யா ஓடி வந்தாள். "வாங்க, வாங்க!"

கலியமூர்த்தி கும்பிட்டார். வித்யா அவரைத் தாண்டிப் போய்ப் பார்வதத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பார்வதம்மா! போன புதன்கிழமை நீங்க நட்ட கன்னெல்லாம் துளிர் விட்டிருக்கு, வந்து பாருங்க!"

கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது.

பார்வதம் அவரை வேப்பமரத்தடிக்குத் தனியே அழைத்துப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரெண்டாவது வாரமே தெரியுங்க. ரெண்டு போட்டோலயும் உங்க பின்னாடி ஒரே ஆள் நின்னு டீ குடிக்கிறாரு. ஒரு வாரம் ஆகியும் கிளாஸ்ல டீ குறையவே இல்ல."

கலியமூர்த்தி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பார்க்குல தொண்டுக்கு ஆள் கேட்டு நம்ம குரூப்புல வந்த நம்பருக்குப் போன் பண்ணேன். 'அந்த சாரா? அஞ்சு சட்டை மாத்துனாரு, நாங்க துணிக்கடை விளம்பரம்னு நெனச்சோம்'னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு. உண்ணிச்செடி பிடுங்கறேன்னு சொல்லிட்டு உண்ண மட்டும் போயிருக்கீங்க."

"அப்ப நீ..."

"நீங்க சொன்ன மானைப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு. ஒரு புதன்கிழமை வந்தேன். புடிச்சுப் போச்சு. வாரா வாரம் வரேன். மழைக்கு முன்னாடி உண்ணிச்செடி எடுக்க ஆள் போதலைன்னாங்க. நம்ம ஃப்ளாட்ல நான் கூப்பிட்டேன், ஒருத்தரும் அசையல. உங்க கதையக் கேட்டதும் நாப்பது பேரும் தானா வந்துட்டாங்க."

"அதுக்குத்தான் சுண்டலா?"

"பின்ன?"

"இவங்ககிட்ட... சொல்லிட்டியா?"

"எதுக்குச் சொல்லணும்? என் புருஷன் மானம் எனக்கு முக்கியம். ஆனா சொன்ன கதைக்கேத்த மாதிரி வேலை செய்யணும். எல்லாரும் பார்ப்பாங்க."

வித்யா விதிகளைச் சொன்னாள். வழியை விட்டு விலகக் கூடாது. சத்தம் கூடாது. "முக்கியமா, மானை யாரும் தொடவே கூடாது."

நாற்பது தொப்பிகளும் கலியமூர்த்தி பக்கம் திரும்பின.

"அப்ப சார் கைய நக்குச்சே?" என்றாள் கஸ்தூரி.

"அது மான் செஞ்ச தப்பு. சார் தொடல" என்றாள் பார்வதம்.

பிறகு கலியமூர்த்தி வேலை செய்தார். செடியின் முள் கையுறையைத் தாண்டிக் குத்தியது. வேர் வரமாட்டேன் என்றது. "சார், மலைப்பாம்பு வேர எப்படி இழுத்தீங்க? ஒருதடவை செஞ்சு காட்டுங்க!" என்று நான்கு பக்கமும் கேட்டார்கள். காட்டினார். வேர் வந்தது, கூடவே அவரும் மல்லாக்க வந்தார். ஐந்து வாரத்துக்கான வேலையையும் அன்று ஒரே காலையில் செய்தார்.

பத்தரை மணிக்கு, வியர்வை கண்ணை மறைக்க, ஒரு புதர் ஓரமாக உட்கார்ந்தார். அவர்கள் சுத்தம் செய்திருந்த வெளியில், தாயும் குட்டியுமாக இரண்டு புள்ளிமான்கள் வந்து நின்றன. குட்டி காதை ஆட்டியது. புதிதாக வெளிச்சம் பட்ட புல்லை முகர்ந்து பார்த்து மேய ஆரம்பித்தது. கலியமூர்த்தி மூச்சு விடவில்லை. மான்கள் கையை நக்கவில்லை, கிட்டே வரவில்லை, அவரைச் சட்டை பண்ணவே இல்லை. ஆனாலும் பார்வையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பார்வதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறியதும் அவர் தூங்கிப்போனார். அப்படி ஒரு தூக்கம் ஆலந்தூர் ஏசியில்கூட வந்ததில்லை. பூந்தமல்லி தாண்டிக் கண் விழித்தபோது பஸ்ஸே கைதட்டிக்கொண்டிருந்தது.

"என்ன விசேஷம்?"

"தை மாசம் வரைக்கும் எல்லா ஞாயித்துக்கிழமையும் வரேன்னு ஒத்துக்கிட்டீங்களே, அதுக்குத்தான்" என்றாள் பார்வதம்.

"நானா? எப்ப?"

"இப்பதாங்க. வரீங்களான்னு ரோட்டுல வந்த ஒவ்வொரு பள்ளத்துலயும் கேட்டேன். ஒவ்வொரு பள்ளத்துலயும் தலைய ஆட்டுனீங்க."