கைக்கு அடக்கமான காட்டுக் கத்தி

காட்டுக்குப் போயே தீருவது என்று தீர்மானம் சார் முடிவெடுத்தபோது, அவர் அதுவரை பார்த்திருந்த காடு பல் டாக்டரின் சுவரில் தொங்கிய காலண்டர் படம் ஒன்றுதான்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் மாதம் ஒரு தீர்மானம் எடுத்து, அடுத்த மாதம் அதைக் கைகழுவுகிற மனுஷனை ஆபீஸில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? காப்பீட்டு ஆபீஸில் வேலை. இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதையில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதுவதுதான் தொழில். ஊரார் பொய்யைப் பத்தடி தூரத்தில் மோப்பம் பிடிக்கிற அந்த மூக்குக்குத் தன் வீட்டுக்குள் நுழைந்ததும் சளி பிடித்துவிடும்.

வீட்டில் அவருடைய பழைய தீர்மானங்கள் பத்திரமாக இருந்தன. உடற்பயிற்சி சைக்கிள் துண்டு காயப்போட உதவியது. மீன் தொட்டியில் மீன் இல்லை, மனைவியின் நூல்கண்டுகள் நீந்தின. மனைவி முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். தெருவுக்கு அவள் டெய்லரம்மா. புதுசாக ஓர் ஆசை வீட்டுக்குள் வர வேண்டுமானால் பழைய ஆசை ஒன்று வெளியே போக வேண்டும் என்று அவள் சட்டம் போட்டிருந்தாள். அதனால் காட்டு ஆசையைச் சார் வெளியே சொல்லவில்லை.

ஆசையை மூட்டிவிட்டவர் பூங்காவில் காலையில் நடக்கிற கூட்டத்தின் தலைவர் கேப்டன். அவர் கப்பலும் ஓட்டியதில்லை, பட்டாளத்திலும் இருந்ததில்லை. தொப்பி போடுவார், அவ்வளவுதான். மாதக் கடைசியில் இரண்டு நாள் காட்டுக்குள் முகாம், அதில் ஓர் இடம்தான் பாக்கி என்றார். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பரீட்சை. சொந்தக் கத்தியால் குச்சியை இறகு இறகாகச் சீவி, தீப்பெட்டி இல்லாமல் பொறி தட்டித் தீ மூட்ட வேண்டும். மூட்டியவருக்கு இடம்.

"காசு குடுத்து வாங்கினா அது கடைக்காரன் கத்தி. அலகும் பிடியும் நாமளே கோத்துக்கிட்டாதான் நம்ம கத்தி" என்றார் கேப்டன்.

அந்த வார்த்தை சாரின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. ஐம்பது வயது தாண்டியாயிற்று. இந்தக் கை இதுவரை அடுத்தவர் விண்ணப்பத்தைத் தள்ளியதைத் தவிர எதைச் செய்தது? ஒரே ஒரு தடவை, தன் கையால் செய்த கத்தியில் தீ மூட்டி, அதன் முன்னால் குளிர் காய வேண்டும். அவருக்கு உண்மையாகவே அது வேண்டியிருந்தது.

ஆனாலும் முதலில் கடைக்குத்தான் போய்ப் பார்த்தார். பிடிக்குள் திசைகாட்டியும் தூண்டில் முள்ளும், முதுகில் ரம்பமும் வைத்த கத்தி ஒன்று கண்ணைப் பறித்தது. கேப்டன் அதைக் கேட்டதுமே தலையில் அடித்துக்கொண்டார். பிடி உள்ளே கூடாக இருந்தால் நாலு தட்டில் ஒடிந்துவிடும். அலகின் இரும்பே பிடியின் கடைசி வரைக்கும் ஒரே துண்டாக ஓட வேண்டும். அலகின் நீளம் ஒரு கையகலம் போதும், மடங்காத கனம் இருக்க வேண்டும் என்றார். அப்படிப்பட்ட கத்தியின் விலையைக் கேட்ட சார் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

ஆனால் பிடி போடாத வெறும் அலகு மலிவாகக் கிடைத்தது. இரண்டு மரத்துண்டு உடைந்த நாற்காலியிலிருந்து வந்தது. பித்தளை ஆணி, இரண்டு குழாயைக் கலந்து பூசுகிற பசை, அரம், உப்புத்தாள். மொத்தச் செலவையும் கூட்டிப் பார்த்துச் சார் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

மனைவி முன்னறையில் மெஷினை ஓட்டும் நேரமாகப் பார்த்து, துணி துவைக்கிற கல்லை ஒட்டிப் பட்டறை போட்டார். அலகின் இரண்டு பக்கமும் மரத்தை ஒட்டி, ஆணி இறக்கி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றினார். பசை இறுக ஒரு நாள் ஆகும். தன் குழந்தையைத் தொட்டிலில் போட்டதுபோல அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் சத்தம் நின்றது காதில் விழவில்லை.

"என்னங்க அது?"

கையும் களவுமாக மாட்டியாயிற்று. சாரின் வாய் மூளையைக் கேட்காமலே பதில் சொன்னது.

"உனக்குத்தாம்மா. சமையலுக்கு. கத்தி."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, "கல்யாணமான நாள்லேர்ந்து எனக்காக உங்க கையால ஒண்ணும் செஞ்சதில்லையே" என்றாள். சாருக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும் சமாளித்துவிட்டோம் என்ற நிம்மதி அந்தச் சுருக்கை மூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாணை பிடிக்கிற சாக்கில் எடுத்துக்கொண்டு போய், காரியம் முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம். அவளுக்கும் கத்தி, நமக்கும் காடு.

மறுநாள் டியூபைப் பிரித்ததும் அவள் கத்தியைக் கையில் வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துத் தன் உள்ளங்கையை அளந்தாள், பிடியை அளந்தாள்.

"இது உங்க கை அளவால்ல இருக்கு?"

"அ... அது வந்து, குறைக்கிறதுக்காகத்தான் பெருசா வச்சேன்."

"அப்ப குறைங்க. நான் ட்ரையல் பாக்கறேன்."

சார் அரத்தை எடுத்தார். தையல்காரியிடம் அளவு விஷயத்தில் வாய் கொடுத்தால் மீள முடியுமா? ஆபீஸிலிருந்து வந்ததும் ராவுவார். அவள் பிடித்துப் பார்த்து, சுண்டுவிரல் பக்கம் இன்னும் கொஞ்சம் என்பாள். மறுபடி ராவுவார். கட்டைவிரல் உட்காருகிற இடத்தில் சின்னப் பள்ளம் கேட்டாள். ரவிக்கைக்குக்கூட யாரும் இவ்வளவு ட்ரையல் பார்த்திருக்க மாட்டார்கள். பிடி அவள் கைக்குள் அடங்க அடங்க, சாரின் கைக்குப் பென்சில் மாதிரி ஆகிக்கொண்டே போனது. ஒரு நாள் சமாளிக்க முடியாதா என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. கத்தியின் முதுகு மழுங்கலாக இருக்கிறது, ஓரம் நறுக்கென்று இருந்தால் இஞ்சித் தோல் சுரண்டலாம் என்றாள். சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொறி தட்டுகிற கம்பியை உரசுவதற்கு அந்த ஓரம்தான் வேண்டும் என்று கேப்டன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இன்னொரு நாள், பிடியின் கடைசியில் ஒரு துளை போட்டால் ஆணியில் மாட்டலாம் என்றாள். காட்டில் கயிறு கோக்க அதே துளைதான். ஓடிப்போய் வெல்டிங் கடையில் துளை போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் அவளே மிச்சத் தோலில் ஓர் உறை தைத்தாள். அதில் பெல்ட் நுழைகிற அளவுக்கு ஒரு வளையமும் வைத்தாள்.

"வளையம் எதுக்கு?"

"ஆணியில மாட்டத்தான்."

துளையும் ஆணிக்கு, வளையமும் ஆணிக்கா என்று சார் கேட்டிருக்க வேண்டும். அந்த மூளையை அவர் ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். குப்பைக்கூடையில் சுருள் சுருளாக மரச்சீவல் கிடந்ததையும் பார்த்தார். தான் ராவியது என்று நினைத்தார். அரத்தில் தூள் விழுமே தவிரச் சுருள் எப்படி விழும்? விண்ணப்பதாரர் யாராவது இப்படி ஒரு கதை சொல்லியிருந்தால் அன்றே நிராகரித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து சமையலறைக்குப் போனால் ஆணி மட்டும் இருந்தது. கத்தி இல்லை. உறை இல்லை. மனைவியும் இல்லை. தைத்த துணி எதையாவது கொடுக்கப் போயிருப்பாள், கத்தியை எங்கேயோ பத்திரப்படுத்தியிருப்பாள் என்று வீடு முழுக்கப் புரட்டினார். மீன் தொட்டிக்குள்கூடத் தேடினார். நேரம் ஓடியது. வேறு வழியில்லாமல் காய் நறுக்குகிற பழைய கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பூங்காவுக்கு ஓடினார்.

அங்கே ஒரு கூட்டம் வட்டமாக நின்றது. இடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் பாக்கெட் வைத்துத் தானே தைத்த கால்சட்டையோடு டெய்லரம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சாரின் கத்தி. குச்சியிலிருந்து சீவல் ஒடியாமல் சுருண்டு சுருண்டு வந்தது. பிறகு கத்தியைத் திருப்பி, முதுகால் கம்பியை ஓர் இழுப்பு இழுத்தாள். பொறி பறந்தது. சீவல் பற்றிக்கொண்டது.

கூட்டம் கைதட்டியது. கேப்டன்தான் சாருக்கு விவரம் சொன்னார். பரீட்சையைப் பற்றிச் சொன்ன அன்றே, கிழிந்த கூடாரங்களைத் தைக்கக் கொடுக்கத் தையல் கடைக்குப் போயிருந்தாராம். பெண்கள் வரலாமா என்று அம்மா கேட்டார்களாம். தாராளமாக வரலாம், உங்க வீட்டுக்காரர்கூடப் பேர் கொடுத்திருக்கிறார் என்று சொன்னாராம். சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்போது அவர் இன்னும் அலகே வாங்கியிருக்கவில்லை.

சாரும் பரீட்சைக்கு உட்கார்ந்தார். காய்கறிக் கத்தி இரண்டாவது சீவலிலேயே வளைந்து, அவரைப் பார்த்துத் தலைவணங்கியது. இடம் டெய்லரம்மாவுக்கு என்று கேப்டன் அறிவித்தார்.

சாருக்கு வயிறு எரிந்தது. ஆனால் முழுசாக எரியவும் முடியவில்லை. கத்தி கை மாறிக் கை மாறிச் சுற்றிவந்தது. யார் செய்தது, எப்படி இவ்வளவு மலிவாக முடிந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"இவர்தான்" என்றாள் அவள், நிமிர்ந்து. "எனக்காகவே செஞ்சார்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் கேலி இல்லை. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். தன் கையால் செய்த கத்தி, தன் கண் முன்னால் தீ மூட்டிவிட்டதே. மூட்டியது வேறு கையானால் என்ன?

கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இப்படிக் கத்தி கோக்கத் தெரிந்த ஆளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, அம்மாவின் கூடாரத்தில் இன்னொருவர் படுக்கலாம், சாரும் வரட்டும் என்றார். சாருக்கு உயிர் வந்தது. காடு கிடைத்துவிட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டு, முகாமில் தனக்கு என்ன பொறுப்பு என்று கேட்டார்.

டெய்லரம்மா அவர் கையிலிருந்த வளைந்த கத்தியைப் பார்த்தாள்.

"அதை நிமித்தி எடுத்து வைங்க" என்றாள். "அத்தனை பேருக்கும் நீங்கதான் காய் நறுக்கறீங்கன்னு போன வாரமே கேப்டன்கிட்ட சொல்லிட்டேன்."