சாட்சி எண் இரண்டு

செஞ்சி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் எனக்கு, கோர்ட் நடைமுறை முழுக்கத் தெரியும் என்று ஒரு காலத்தில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். வல்லம், தளவானூர் பக்கமிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்கு ஜாக்கெட் துணி கிழித்துக் கொடுக்கும்போதே சட்ட ஆலோசனையும் கிழித்துக் கொடுப்பேன் (துணிக்கு மட்டும்தான் காசு). நான் படித்தது பி.காம். அதிலும் ஒரு பேப்பர் அரியர்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை கலாவின் வழக்கு விழுப்புரம் கோர்ட்டுக்கு வந்தது. அவளும் அவள் கணவரும் பிரிந்துபோவதில் இருவருக்குமே தகராறு இல்லை. தகராறெல்லாம் ஆறு வயது நிலா யாரிடம் வளர்வது என்பதில்தான். குழந்தையை அனுப்பச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், அந்த ஒரு வருஷம் கலா ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், நீங்க ரெண்டாவது சாட்சி. கலாவ விசாரிக்கும்போது நீங்க உள்ள உக்காரக் கூடாது. உங்க பேர் கூப்பிட்டா மட்டும் வாங்க. புரியுதா?"

"அதெல்லாம் தெரியும் மேடம்" என்றேன். மனதுக்குள் எந்தச் சட்டை போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கலா கூண்டில் தனியாக நின்றதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பக்கம் குடும்பப் பஞ்சாயத்து என்றால் பெண் உட்கார்ந்திருப்பாள், அண்ணன்தான் பேசுவான். அப்படியிருக்க, அவளை விட்டுவிட்டு வராந்தாவில் நிற்பதா? வக்கீலம்மா ஃபைலில் குனிந்திருந்த நேரம் பார்த்து, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே எங்கள் கடை ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலா கல்லாப்பக்கம் நின்று வியாபாரம் பேசும்போது நான் பின்னாலிருந்து ஜாடை காட்டுவேன். காதைத் தடவினால், போனால் போகிறது, கொடுத்துவிடு என்று பொருள். கண்ணாடியைக் கழற்றினால், துளிக்கூடக் குறைக்காதே. நைனா காலத்துப் பழக்கம். அவர் போன பிறகு நான் எடுத்துக்கொண்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கலாவைக் கேட்டார்: "வாரத்துல ஒரு நாளாவது அப்பா அந்தக் கொழந்தைய பாக்கலாம் இல்லீங்களா?"

கலா தடுமாறி நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். நான் படக்கென்று கண்ணாடியைக் கழற்றினேன்.

"கட்டுப்படியாகாதுங்க" என்றாள் கலா.

கோர்ட்டில் இருந்த டைப்பிஸ்ட் அம்மா விரலை எடுத்துவிட்டார். கலா பார்த்த திசையிலேயே நீதிபதி அம்மாவும் பார்த்தார்.

"அங்க பின்னாடி கண்ணாடிய கழட்டிக் கையில வெச்சிருக்கறது யாரு?"

நான் எழுந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சாட்சி எண் இரண்டு, அம்மா" என்றேன். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"சாட்சி சொல்ல வேண்டியவங்க உள்ள உக்காந்து கேக்கக் கூடாதுன்னு யாரும் உங்களுக்குச் சொல்லலியா?"

"சொன்னாங்கம்மா. தெரியும்னு சொல்லிட்டேன்."

"வெளிய போங்க."

பின்னாலேயே வந்த வக்கீலம்மா சுருக்கமாகச் சொன்னார்: "உங்கள இனிமே சாட்சியா ஏத்த முடியாது சார். கலா பேசறத வெச்சுதான் கேஸே." கதவு சாத்தப்பட்டது. என் அவசரத்தால் நிலா போய்விட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன் என்று கோர்ட் வாசல் புங்கமரத்தடியில் உட்கார்ந்து புலம்பினேன். அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை விற்றிருந்தால் இன்னொரு கடை வைத்திருக்கலாம்.

உள்ளே நடந்ததை வக்கீலம்மா பிறகு வரிக்கு வரி சொன்னார். கலா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசினாளாம்.

"மன்னிச்சிடுங்கம்மா, அது கடைப் பழக்கம். எங்கண்ணன் கண்ணாடிய கழட்டினா விலைய கொறைக்காதன்னு அர்த்தம். எம்பொண்ணு விலை பேசற சரக்கு இல்ல. ஞாயித்துக்கெழம அவங்கப்பா வந்து கூட்டினு போவட்டும், அவளுக்கு அப்பாவும் வேணும். மத்த நாளு ஸ்கூல் விட்டா அவ கடைக்கு வந்து எம்பக்கத்துலயே குந்தினு வீட்டுப்பாடம் எழுதுவா. நான் ஊட்டினாதான் சாப்புடுவா. என்னால சொல்ல முடிஞ்சது இவ்ளோதான்."

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நிலா அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவிடம். கலா கேட்டபடியே. இருபது வருஷமாக அவளுக்காக நானே பேசிக்கொண்டிருந்தேனே, அவளுக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம்கூடச் சொன்னேன்.

இப்போது கடையில் கோர்ட் சந்தேகம் கேட்பவர்கள் என்னைத் தாண்டிக் கலாவிடம் போகிறார்கள். "கூட வர்றவங்கள மொதல்ல வெளிய குந்த வைங்க" என்றுதான் அவள் ஆரம்பிப்பாள். கல்யாணப் பேச்சோ, வீட்டு மனைப் பேச்சோ, நான் தொண்டையைக் கனைத்தால் போதும், வீட்டில் யாராவது வாசலைக் காட்டுகிறார்கள்.

போன மாதம் நிலாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். டீச்சர் எதிரில் நாற்காலியை இழுத்து நான் உட்காரப் போனேன். நிலா என் சட்டையைப் பிடித்து, "மாமா, நீங்க வெளிய இருங்க. அம்மா பேசிக்கும்" என்றாள்.

வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "நீங்க யாருக்காக வந்துகீறீங்க?" என்று கேட்டார்.

"உள்ள பேசுது பாருங்க, அது என் தங்கச்சி" என்றேன்.