ஃபாலோ-அப் அக்காவிடம் தப்பியவர் இல்லை

புதுக்கோட்டை மாவட்டத்தில் தலைமறைவாக நினைப்பவர் போலீசுக்குக்கூடப் பயப்பட வேண்டாம். ஃபாலோ-அப் அக்காவுக்குப் பயந்துதான் ஆக வேண்டும்.

அரிமளத்தில் ஒரு சர்க்கரை நோய் ஆய்வு அலுவலகம். நான் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுபவன், அக்கா களப்பணியாளர். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. நோயில்லாத சில நூறு பேரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேடிப்போய் எடை, பிரஷர், ரத்தம் பார்த்து, யாருக்கு எப்போது சர்க்கரை வருகிறது என்று வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும். ஒரே தடவை கேள்வி கேட்டுவிட்டுக் கிளம்பும் சர்வேக்காரர்களை அக்கா மதிக்கவே மாட்டார்.

“அது பொண்ணு பாக்க வந்து பஜ்ஜி தின்னுட்டுப் போறது தம்பி. நம்மளது குடித்தனம் பண்றது.”

நோய் வந்தபிறகு போய்ப் பழைய கதையைக் கிளறும் ஆய்வு?

“எழவு வீட்டுல போயி, முந்தாநாளு என்னா சாப்ட்டாருன்னு கேக்குறது.”

அவருடைய பட்டியலில் ‘விடுபட்டவர்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் கூட விழுந்ததில்லை. துபாய் போனவரை வீடியோ காலில் எடை மெஷின்மேல் ஏற்றினார். ஒரு மாப்பிள்ளைக்குத் தாலி கட்டிய கையோடு பிரஷர் பார்த்தார். “கூடத்தான் இருக்கு. இன்னைக்கு இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார்.

ஒருமுறை கருப்பையா என்ற லாரி டிரைவர் பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டு காணாமல் போனார். போனும் ஆஃப்.

“விடுபட்டவர்னு போட்டுரவாக்கா?” என்றேன். அக்கா பார்த்த பார்வையில் எனக்கே பிரஷர் ஏறியது.

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று துப்புக் கிடைத்தது. ஸ்கூட்டரில் காலடியில் எடை மெஷின், பின்னால் நான். அக்கா பறந்தார்.

எங்களைக் கண்டதும் கருப்பையா கத்தினார்: “செத்தாலும் அங்கிட்டு வரமாட்டேன்!”

“செத்தா அதுக்குத் தனி ஃபாரம் இருக்குங்க. இப்ப உசுரோடதான இருக்கீங்க? ஏறி நில்லுங்க.”

ஏறினார். எடை பத்து கிலோ குறைந்திருந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் மெஷினில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேலே போய், ‘ஹை’ என்று மட்டும் வந்தது. அக்காவின் முகம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும் என்பது எங்கள் விதி. அக்கா சீட்டு எழுதவில்லை. கருப்பையாவை ஸ்கூட்டரில் ஏற்றினார்.

“தம்பி, நீங்க பஸ்ல வாங்க.”

எடை மெஷினோடு டவுன் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் உட்பட ஐந்து பேர் அதில் ஏறி நின்று எடை பார்த்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, பெண்டாட்டிக்குப் போன் போட்டு, அந்தம்மா அழுதுகொண்டே வந்து சேரும்வரை அக்கா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். கருப்பையா பிழைத்தார். அதைவிட ஆச்சரியம், வீட்டுக்கும் போனார். இதையெல்லாம் எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆய்வு முடிந்து அலுவலகத்தை மூடிவிட்டார்கள். நான் இப்போது திருச்சியில் இருக்கிறேன். இன்றைக்கும் திடீரென்று அக்காவிடமிருந்து போன் வரும்.

“எப்படி இருக்கீங்க தம்பி?”

யார் கேட்டாலும் ‘நல்லாயிருக்கேன்’ என்று சொல்லிப் பழகியவன் நான். அக்கா கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.